வெளிநாடு போன ஜப்பானிய கராத்தே மாஸ்டர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

கேள்வி இதுதான்: ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் கராத்தே கற்பித்த மாஸ்டர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள்? சினிமாவில் வருகிற மாதிரி பற்றற்ற துறவி வாழ்க்கையா, இல்லை நன்றாகச் சம்பாதித்த தொழிலா?

இரண்டும் இல்லை. 1950, 60-களில் அப்படிக் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் முப்பதை ஒட்டிய வயதுக்காரர்கள். கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள், ஒரு சங்கம் வேலைக்கு அனுப்பியவர்கள். கையில் ஒன்றோ இரண்டோ வருஷத்துக்கு ஒப்பந்தம் இருக்கும். முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. நான் பச்சை பெல்ட்டோடு நின்றுவிட்டவன். ஆனால் ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியின் வரலாற்றை இருபது வருஷமாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். அதனால் ஷோட்டோகான்காரர்களை வைத்தே பதில் சொல்கிறேன், அதிலும் லிவர்பூலுக்குப் போன கெய்னோசுகே எனோயெடாவை நடுவில் வைத்து.

முதலில், இவர்களை அனுப்பியது யார் என்று பார்த்துவிடலாம். ஒக்கினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த கிச்சின் ஃபுனாகோஷி 1922-ல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டி, அங்கேயே தங்கிக் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய மாணவர்கள் போருக்குப் பிறகு 1949-ல் ஜப்பான் கராத்தே சங்கத்தை உருவாக்கினார்கள். அதன் தலைமைப் பயிற்சியாளர் மசடோஷி நகாயாமா. 1956-ல் அவர் பயிற்சியாளர்களை உருவாக்கவே தனியாக ஒரு படிப்பைத் தொடங்கினார். ஏற்கெனவே பிளாக் பெல்ட் வாங்கிய பட்டதாரிகளை எடுத்து, தினமும் கசக்கிப் பிழிவது. கூடவே உடற்கூறு, உளவியல், கற்பிக்கும் முறை எல்லாம் உண்டு. நம் ஊர்க் கணக்கில் கராத்தேக்கு ஒரு பி.எட். என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் அணியில் வந்தவர்கள்தான் ஹிரோகாசு கனசாவா, டகாயுகி மிகாமி போன்றவர்கள். மலையடிவாரத்துக் குடிசையில் ஒரே ஒரு சீடனுக்கு ரகசியம் சொல்லிக்கொடுக்கும் கிழவருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. நகாயாமா, ஹிடெடாகா நிஷியாமா, டெருயுகி ஒகாசாகி, கனசாவா, எனோயெடா எல்லோரும் டோக்கியோவின் டகுஷோகு பல்கலைக்கழக மாணவர்கள். 1900-ல் அந்தப் பள்ளி தொடங்கப்பட்டபோது அதன் பெயர் தைவான் சங்கப் பள்ளி. ஜப்பானின் காலனிகளுக்குப் போய் வேலை செய்ய ஆள் தயார் செய்வதுதான் நோக்கம். டகுஷோகு என்ற சொல்லுக்கே குடியேற்ற நாடுகளை மேம்படுத்துவது என்றுதான் பொருள். நகாயாமாவே 1937-ல் பெய்ஜிங்குக்குச் சீன மொழி படிக்கப் போய், போர் முடிந்த பிறகு 1946-ல்தான் திரும்பினார். 1945-ல் காலனிகள் எல்லாம் கைவிட்டுப் போயின. ஆனால் ‘நம் ஆள் என்றால் வெளிநாட்டில் போய் நிற்க வேண்டும்’ என்ற பழக்கம் அந்தப் பள்ளியை விட்டுப் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிர்வாகிகளை அனுப்பிய பள்ளி அப்புறம் கராத்தே வாத்தியார்களை அனுப்பியது.

வெளிநாட்டில் இதற்கு வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள்? சுவாரஸ்யம் என்னவென்றால், அவர்கள் முதலில் ஜப்பானுக்கே வந்தார்கள். போர் முடிந்து அங்கே தங்கியிருந்த அமெரிக்க ராணுவத்தினர் கராத்தே பழக வந்தபோது, ‘இப்படிச் செய்’ என்றால் போதவில்லை, ‘ஏன் இப்படி’ என்று கேட்டார்கள். ஜப்பானிய மாணவன் வாயே திறக்காமல் ஆயிரம் தடவை குத்துவான். அமெரிக்க வீரனுக்குக் காரணம் வேண்டும். இடுப்பு ஏன் திரும்ப வேண்டும், பின் கால் ஏன் நீள வேண்டும் என்று விளக்கம் தேட வேண்டிய கட்டாயம் நகாயாமா குழுவுக்கு இப்படித்தான் வந்தது. 1953-ல் அமெரிக்க விமானப்படையின் தளங்களைச் சுற்றிவந்து நிஷியாமாவும் வேறு சிலரும் கற்பித்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் மாசுடாட்சு ஒயாமா என்ற இன்னொரு கராத்தேக்காரர் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த மேடைகளில் பலகையும் கல்லும் உடைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வித்தை காட்டுவது, இன்னொரு பக்கம் பாடத்திட்டம். வெளிநாட்டுக் கராத்தே இந்த இரண்டு காலிலும்தான் நடந்து வந்திருக்கிறது.

அப்போது சாதாரண ஜப்பானியருக்கு வெளிநாட்டுப் பயணம் என்பது கனவு. 1964 ஏப்ரலில்தான் சுற்றுலாவுக்காக வெளியே போக அனுமதியே வந்தது. அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை, கையில் 500 டாலருக்கு மேல் கூடாது. அதற்கு முன்பே, 1961-ல், கனசாவா ஹவாய்க்கும் ஒகாசாகி ஃபிலடெல்ஃபியாவுக்கும் நிஷியாமா லாஸ் ஏஞ்சலீஸுக்கும் போயிருந்தார்கள் என்றால், கராத்தே அவர்களுக்கு எப்படிப்பட்ட கதவைத் திறந்தது என்று யோசித்துப் பாருங்கள். கலைக்குத் தொண்டு என்பது பிறகு சேர்ந்த பூச்சு. உலகத்தைப் பார்க்கும் ஆசையும் அதில் நிச்சயம் இருந்தது. அதைச் சொன்னால் யாருடைய பெருமையும் குறையாது.

இனி எனோயெடா. 1935-ல் கியூஷூ தீவில் பிறந்தவர். சிறு வயதில் ஜூடோ, டகுஷோகு பல்கலைக்குப் போன பிறகு கராத்தே. 1963-ல் அகில ஜப்பான் போட்டியின் இறுதியில் ஹிரோஷி ஷிராயை வென்று சாம்பியன் ஆனார். புலி என்ற பட்டப்பெயர் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. இந்தோனேஷிய அதிபர் சுகர்னோவின் மெய்க்காவலர்களுக்குச் சில மாதம் பயிற்சி கொடுத்துவிட்டும் வந்திருந்தார். 1965-ல் சங்கம் நான்கு பேரை உலகச் சுற்றுக்கு அனுப்பியது: டைஜி காசே, கனசாவா, எனோயெடா, ஷிராய். ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டுவது, எங்கே கேட்கிறார்களோ அங்கே ஓர் ஆளை விட்டுவிட்டு வருவது. ஷிராய் மிலானில் தங்கினார். காசே பிறகு பாரிஸில் குடியேறினார். கனசாவாவும் எனோயெடாவும் பிரிட்டனில்.

பிரிட்டனில் அதுவரை கராத்தே என்று இருந்தது பெரும்பாலும் வெர்னன் பெல் என்பவரின் முயற்சிதான். ஜூடோ, ஜுஜிட்சு கற்பித்துவந்த பெல், பிரான்ஸில் கராத்தே கற்பித்துவந்த ஆன்ரி ப்ளேயிடம் போய்க் கற்று, லண்டனை ஒட்டிய ஹார்ன்சர்ச்சில் தன் பெற்றோர் வீட்டுத் தோட்டத்தில் வகுப்பு தொடங்கியவர். 1957-ல் பிரிட்டிஷ் கராத்தே ஃபெடரேஷன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர்தான் கனசாவாவை ஓராண்டு ஒப்பந்தத்தில் வரவழைத்தார். எனோயெடா வடக்கே லிவர்பூலுக்குப் போனார். அந்த ஊர் கிளப்பின் பெயர் ரெட் டிரையாங்கிள். ஒய்.எம்.சி.ஏ.வின் சின்னமான சிவப்பு முக்கோணத்திலிருந்து வந்த பெயர். அப்போது லிவர்பூல் என்றாலே உலகத்துக்கு பீட்டில்ஸ்தான். அந்த ஊரில், முடியை ஒட்ட வெட்டிய ஒரு ஜப்பானியர், சரியாக ஆங்கிலம் வராமல், குளிர் நிறைந்த ஒரு ஹாலில் நின்றுகொண்டு துறைமுக நகரத்துப் பையன்களைக் குத்தச் சொல்கிறார்.

வகுப்பில் என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. நேர் குத்து, மேல் தடுப்பு, முன் உதை. நீளவாட்டில் ஹால் முழுக்க முன்னே போய், திரும்பி, மறுபடி வர வேண்டும். எண்ணிக்கை ஜப்பானிய மொழியில்: இச்சி, நி, சான், ஷி. நம் ஊரில் பள்ளி மொட்டை மாடியிலும் கல்யாண மண்டபத்திலும் நடக்கும் வகுப்புகளில் பிள்ளைகள் இன்றும் இதைத்தான் கத்துகிறார்கள், பாதிப் பேருக்கு அது எந்த மொழி என்று தெரியாவிட்டாலும். ஒரே அசைவைப் பத்து நிமிஷம் செய்யவைத்தால் ஆங்கிலம் அவ்வளவாகத் தேவைப்படாது. எனோயெடாவிடம் பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அவர் சொன்ன வார்த்தைகளை அல்ல, அவர் செய்து காட்டியதை: முகம் மாறுவது, உடம்பு முழுக்க ஒரு நொடி இறுகுவது, எதிரே நிற்பவன் அனிச்சையாகப் பின்வாங்குவது. மொழி வராததே ஒருவகையில் அவருக்குச் சாதகம் என்று நினைக்கிறேன். விளக்கிப் பேசத் தெரிந்த வாத்தியாரைவிடச் செய்து காட்டத் தெரிந்தவரைத்தான் அந்த வயதுப் பையன்கள் நம்புவார்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. கை உறை, பல் காப்பு என்று எதுவும் பழக்கத்தில் இல்லாத காலம் அது. ‘கட்டுப்பாட்டோடு அடிக்க வேண்டும்’ என்பது விதி, ஆனால் விதி உதட்டைக் காப்பாற்றாது. ஜப்பானியப் பல்கலைக்கழகக் கிளப்புகளின் கரடுமுரடு அப்படியே பெட்டியில் கட்டி வந்துவிட்டது. அதைத் தாங்கியவர்கள் இன்று பெருமையாகச் சொல்கிறார்கள். தாங்காமல் மூன்றாம் வாரமே போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பழைய ஆட்கள் சொல்லும் ‘அந்தக் காலத்துப் பயிற்சி’ புராணத்தை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன்.

சரி, பணம் எப்படி வந்தது? ஆரம்பத்தில் அழைத்தவர் தரும் சம்பளம். நாளடைவில் அது மாறி, உறுப்பினர் சந்தா, வார இறுதிச் சிறப்பு வகுப்பு, கோடை முகாம், எல்லாவற்றுக்கும் மேலாக பெல்ட் தேர்வுக் கட்டணம் என்று ஆனது. பிளாக் பெல்ட் என்றால் சான்றிதழ் டோக்கியோவில் பதிவாகி வர வேண்டும், அதற்கு ஒரு தொகை அங்கே போகும். ஆக, தேர்வு எடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் சங்கமே இருக்கிறது. கராத்தே உலகில் இத்தனை பிளவுகள் ஏன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கொள்கை வேறுபாட்டைத் தேடுவதற்கு முன்னால் தேர்வுத் தாளில் கையெழுத்துப் போடுவது யார் என்று பாருங்கள். பிரிட்டனிலேயே அது உடனே நடந்தது. கனசாவாவின் ஓராண்டு முடிகிற நேரத்தில், அவரோடே இருக்க விரும்பிய கிளப்புகள் பெல்லை விட்டு விலகி 1966-ல் பிரிட்டன் கராத்தே யூனியனைத் தொடங்கின. தோட்டத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் இழுத்துவந்த பெல் ஓரமாகிப் போனார். கனசாவாவும் பிறகு ஜெர்மனிக்குப் போய்விட, யூனியனின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு எனோயெடாவிடம் வந்தது. சாகும்வரை அது அவரிடமே இருந்தது. பிற்காலத்தில் லண்டனுக்கு மாறி, சோஹோ பகுதியில் மார்ஷல் தெரு நீச்சல் குளக் கட்டடத்தில் டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம், நடத்தினார். வேலை முடித்துவரும் அலுவலக ஆட்கள், நடிகர்கள், மாணவர்கள் எல்லோரும் அங்கே வரிசையில் நின்றார்கள்.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. டெட்சுஜி முராகாமி என்று ஒருவர், 1957-ல் ப்ளேயின் அழைப்பில் பாரிஸ் வந்தவர். பிரிட்டனில் பெல்லின் மாணவர்களுக்கும் 1959-ல் வந்து கற்பித்தார். பத்து வருஷம் ஐரோப்பா முழுக்க அலைந்து கற்பித்த பிறகு, 1960-களின் இறுதியில் ஜப்பான் போனபோது ஃபுனாகோஷியின் இன்னொரு சீடரான ஷிகேரு எகாமியைச் சந்தித்தார். இறுக்கிக் குத்துவதை விட்டுவிட்டு, உடம்பைத் தளர்த்திச் செய்யும் வழி எகாமியுடையது. நாற்பதை எட்டிய முராகாமி, இதுவரை செய்ததையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அந்த வழிக்கு மாறினார். ஐரோப்பா திரும்பி மாணவர்களிடமும் அதையே சொன்னார். ஒரு வாத்தியார் பத்து வருஷம் கழித்து ‘நான் சொல்லிக்கொடுத்ததை மாற்றிக்கொள்வோம்’ என்று வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் பின்னால் வரவில்லை. 1987-ல் இறக்கும்வரை அவர் அதிலிருந்து நகரவும் இல்லை. இந்தத் தலைமுறையில் எனக்குப் பிடித்த மனிதர் யார் என்றால், எனோயெடாவுக்கு முன்னால் முராகாமியைத்தான் சொல்வேன். புலி என்று யாரும் அவருக்குப் பெயர் வைக்கவில்லை.

பிடிவாதத்தில் அவருக்கு ஈடாகச் சொல்லக்கூடியவர் வசேதா பல்கலையிலிருந்து 1955-ல் அமெரிக்கா போன சுடோமு ஒஷிமா. 1957-ல் கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கிளப் தொடங்கினார், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதல் கராத்தே கிளப் அதுதான். பிளாக் பெல்ட்டுக்குள் இருக்கும் படிகளுக்கு டான் என்று பெயர்; ஃபுனாகோஷி காலத்து முறையில் உச்சம் ஐந்தாம் டான். அதற்கு மேல் தனக்கும் வேண்டாம், தன் அமைப்பிலும் கிடையாது என்று வைத்துக்கொண்டார். அவருடைய சமகாலத்தவர்கள் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறிக்கொண்டே போனபோதும் அவர் ஐந்திலேயே இருந்தார். நம் ஊர் சுவரொட்டிகளில் பத்தாம் டான் கிராண்ட் மாஸ்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும்.

வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு உண்மையான தலைவலி வந்தது அந்தந்த நாட்டிலிருந்து அல்ல, டோக்கியோவிலிருந்து. ஜப்பானில் ஒரு சங்கத்துக்குள் ஏறுவது என்றால் பக்கத்திலேயே இருக்க வேண்டும்: கூட்டத்துக்குப் போக வேண்டும், மூத்தவர்களோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும், வரிசையில் தன் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷம் வெளியே இருந்தவருக்கு வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் மாணவர்கள் இருப்பார்கள். ஊரில் நாற்காலி இருக்காது. கனசாவா 1977-ல் சங்கத்தை விட்டு வெளியேற வேண்டிவந்தது. அடுத்த வருஷமே தனி அமைப்பு தொடங்கினார். உலகம் முழுக்க அவர் விதைத்து வைத்திருந்ததால் அது பிழைத்தது. 1987-ல் நகாயாமா இறந்ததும் சங்கமே இரண்டாக உடைந்து, பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு 1999 வரை நீதிமன்றத்தில் இழுத்தது. லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் இருந்தவர்கள், கடல் கடந்து நடக்கும் சொத்துத் தகராறில் பங்காளிகள் பக்கம் எடுப்பது போல, ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டியிருந்தது. மாணவர்களுக்கு இதெல்லாம் புரியவும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது, சுவரில் மாட்டிய சான்றிதழ் நாளைக்குச் செல்லுமா செல்லாதா என்ற கவலை மட்டும்தான்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பிள்ளைகள் போன ஊரிலேயே படித்து வளர்கிறார்கள். மாஸ்டரோ மாலையிலும் வார இறுதியிலும் வீட்டில் இருப்பதில்லை, ஏனென்றால் மாணவர்களுக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான். மற்றவர்களின் விடுமுறைதான் இவருக்கு வேலை நாள். கோடை முழுக்க முகாம்கள்.

பலன் என்ன என்று கேட்டால், ஒரு விசித்திரமான பலன். 1972-ல் பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் தனிநபர் குமிதேயில், அதாவது நேருக்கு நேர் மோதும் பிரிவில், முதலிடம் பிரேசிலின் லூயிஸ் வடனபேக்கு. இரண்டாவது வந்தவர் பில்லி ஹிக்கின்ஸ், லிவர்பூல்காரர், ரெட் டிரையாங்கிளில் பழகியவர். 1975-ல் லாங் பீச்சில் அணிப் போட்டியில் பிரிட்டன் தங்கம் வென்றது, ஜப்பானைத் தாண்டி. எனோயெடா லிவர்பூல் போய் அப்போது சுமார் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. பாதி உலகத்துக்கும் ஆசிரியர்களை அனுப்பிய நாடு அந்த மாணவர்களிடமே தோற்றது. உயரமும் கை நீளமும் ஒரு காரணம்தான். இன்னொரு காரணம், தூரத்தில் இருந்தவர்கள் அடிப்படையை அதிகம் நம்பினார்கள். வேறு எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

உடம்பு விஷயத்தில் கனசாவாவைச் சொல்லாமல் விட முடியாது. 1957-ல் நடந்த முதல் அகில ஜப்பான் போட்டிக்குச் சில நாள் முன்னால் கை எலும்பு முறிந்து, விலகிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். போட்டியைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அம்மா, இன்னொரு கையும் இரண்டு காலும் இருக்கிறதே என்ற மாதிரி கேட்க, இறங்கி வென்றார் என்பது கராத்தேக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, இதே மனிதர் இளமையிலேயே யாங் மிங்-ஷி என்ற சீனரிடம் தாய்-சி என்ற மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனக் கலையைக் கற்று, எண்பதைத் தாண்டியும் செய்துகொண்டிருந்தார் என்பதுதான். அவருடைய தலைமுறையில் ஆழமாகக் குந்தி நின்றே இடுப்பையும் முழங்காலையும் தேய்த்துக்கொண்டவர்கள் பலர். 2019 டிசம்பரில் 88 வயதில் அவர் காலமானார்.

எனோயெடாவுக்கு அவ்வளவு வயது கிடைக்கவில்லை. வயிற்றுப் புற்றுநோய். 2003 மார்ச் 29 அன்று டோக்கியோவில் இறந்தபோது வயது 67. லண்டனில் அவருக்கு உதவியாக இருந்த யோஷினோபு ஓடா டோக்கியோ சங்கத்தோடு சேர்ந்து ஒரு வழியில் போனார். யூனியன், ரெட் டிரையாங்கிளின் ஆண்டி ஷெர்ரி தலைமையில் இன்னொரு வழியில் போனது. ஷெர்ரி 1966-ல் ஜப்பான் கராத்தே சங்கத்தின் பிளாக் பெல்ட் தேர்வில் தேறிய முதல் பிரிட்டிஷ்காரர்களில் ஒருவர். அவரிடம் பழகியவர்கள் இப்போது தாங்களே வரிசைக்கு முன்னால் நின்று எண்ணுகிறார்கள்: இச்சி, நி, சான். நல்ல லிவர்பூல் உச்சரிப்பில்.